பழைய ரேடியோகிராமுக்குப் புதிய குரல்

பெங்களூரு அல்சூரில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டைக் காலி செய்யும் நாள் நெருங்கியபோது, கூடத்துச் சுவரோரம் நின்ற ஒரு பொருளைப் பற்றி மட்டும் எங்களால் முடிவெடுக்க இயலவில்லை. ஐந்தடி நீளமுள்ள மரப்பெட்டி. மேலே தேக்கு வெனீர். கீழே நான்கு குட்டைக் கால்கள். நடுவில் கண்ணாடி முகத்துடன் வால்வு வானொலி. வலப்புற மூடியைத் தூக்கினால் இசைத்தட்டுச் சுழற்றி. இடப்புறம் தட்டுகளை அடுக்கும் அறை. ரேடியோகிராம் என்று ஒரு காலத்தில் பெருமையோடு அழைக்கப்பட்ட அந்தப் பெட்டி, அப்பா மறைந்த பிறகு பாடவே இல்லை. தொலைபேசியும் பூச்சாடியும் வைக்கும் மேசையாகவே இருபது ஆண்டுகள் நின்றது.

பழைய சாமான் வாங்க வந்தவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு தரலாம். உள்ளே இருக்கிறதெல்லாம் எடைக்குத்தான்" என்றார். நாங்கள் மூவரும் தலையசைக்க இருந்தோம். அப்போது 84 வயதான அம்மா கேட்டார்: "அது போறதுக்கு முன்னாடி, எங்கப்பாவோட தோடி ரெக்கார்டை ஒரு தடவை போட்டுக் காட்ட முடியுமா?"

அம்மா பிறந்தது கோலார் தங்கவயலில். சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தா, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பன்னிரண்டு 78 சுழற்சித் தட்டுகள் அம்மாவுடன் இந்த வீட்டுக்கு வந்தன. அவற்றுள் ஒன்று டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடி. அந்த ஒரு தட்டுக்காகத் தொடங்கியதே எங்கள் எட்டு மாத முயற்சி. வீட்டில் இதுபோன்ற ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு விற்பதா, வைத்திருப்பதா என்று தயங்கும் வாசகர்களுக்கு எங்கள் அனுபவம் சிறிதேனும் பயன்படும் என்று நம்புகிறோம். எங்கள் தவறுகளும் பயன்படக்கூடும்.

பெட்டி வந்த வழி

அரசு அலுவலக எழுத்தராக இருந்த அப்பா, 1968-இல் கன்டோன்மென்ட் பகுதியிலிருந்து வெளிநாடு புறப்பட்ட ஒரு குடும்பத்திடம் இதை வாங்கினார். நான்கு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை என்று அம்மா சொல்வார். மாதந்தோறும் சேமித்த தொடர் வைப்பு முதிர்ந்தபோது கிடைத்த பணம் அது.

அன்றைய வீட்டில் வானொலிக்கு இருந்த இடத்தை இன்று விளக்குவது கடினம். பெங்களூரு வானொலி நிலையம் 1955-இல் தொடங்கப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1935-இல், மைசூரு மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் சொந்த முயற்சியில் ஓர் ஒலிபரப்பு நிலையம் நடத்தினார். 'ஆகாசவாணி' என்ற பெயர் வழக்குக்கு வந்தது அங்கிருந்துதான். வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அந்நாளில் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எங்கள் பெட்டியின் இழுப்பறையில், அப்பாவின் பழைய கணக்குப் புத்தகத்துக்கு அடியில், அந்த உரிமப் புத்தகமும் கிடைத்தது. ஓராண்டுகூட அவர் தவறவிட்டிருக்கவில்லை.

திறந்து பார்த்தபோது

நாங்கள் செய்த முதல் நல்ல காரியம், செருகியை மின்இணைப்பில் செருகாமல் இருந்தது. சிவாஜிநகரில் ஐம்பது ஆண்டுகளாக வானொலி பழுதுபார்த்து வந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். "ஆன் பண்ணிப் பார்க்கலாமா ஐயா?" என்றோம். "அந்த ஒரு நொடியிலதான் தம்பி நிறைய பெட்டி செத்துப் போகுது" என்றார் அவர்.

அவர் விளக்கியது இதுதான். வால்வுகள் வேலை செய்ய 250 முதல் 300 வோல்ட் வரையிலான நேர் மின்னழுத்தம் தேவை. அதைச் சீராக்கும் கண்டன்சர்கள் பல்லாண்டுகள் பயனின்றி இருந்தால் உலர்ந்துவிடும். மெழுகுத் தாளில் சுற்றிய பழைய கண்டன்சர்கள் மின்சாரத்தைக் கசியவிடும். திடீரென மின்சாரம் பாய்ந்தால் முதலில் அவை வெடிக்கும். பின்னர் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். செருகியைக் கழற்றிய பின்னும் கண்டன்சர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம். ஆகவே, பழகாத கை உள்ளே போகக் கூடாது.

பின்பக்க அட்டையைக் கழற்றியபோது எலி கடித்த கம்பிகளும், ஓரம் கிழிந்த காகிதக் கூம்புடன் ஒரு ஸ்பீக்கரும் தெரிந்தன. தட்டைச் சுழற்றும் ரப்பர்ச் சக்கரம் கல்லாய் இறுகியிருந்தது. பெரியவர் இரண்டு வால்வுகளைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். அவற்றில் 'பெல்' முத்திரை இருந்தது. பெங்களூரு ஜாலஹள்ளியில் 1954-இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1961 முதல் வானொலி வால்வுகளைத் தயாரித்தது. ஐரோப்பாவில் செய்த பெட்டியில், எப்போதோ பழுதான வால்வுகளுக்குப் பதிலாக, நம் ஊரில் செய்தவற்றை அப்பா பொருத்தியிருக்கிறார். நாங்கள் 'பழமை மாறாதது' என்று எண்ணியிருந்த பெட்டி, ஏற்கெனவே ஒருமுறை புதுப்பிக்கப்பட்ட பெட்டி என்பது அன்றுதான் புரிந்தது.

இரண்டு வழிகள்

முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வால்வு அமைப்பையே சீர்செய்வது. மற்றொன்று, உட்பாகங்களை நீக்கிவிட்டு இக்காலக் கருவிகளை வைப்பது.

மூத்தவருக்கு முதல் வழியில் விருப்பம். வால்வின் ஒலிக்கு ஒரு கனிவு உண்டு என்பது அவர் வாதம். இளையவருக்கு இரண்டாவது வழி. கைப்பேசியிலிருந்தும் பாட்டு வர வேண்டும், அதற்குப் பழைய இரும்பை எல்லாம் வெட்டி எறிய வேண்டும் என்றார். பெரியவரிடமே கேட்டோம். "வால்வை எரிய வைக்கலாம் தம்பி. ஆனா அடிக்கடி என்னைத் தேடி வரணும். நான் எத்தனை வருசம் இருப்பேன்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எங்களுக்கு விடை கிடைத்தது. இன்று அன்றாடம் கேட்கக்கூடியதாகவும், இன்றைய கடைகளில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு பழுது நீக்கக்கூடியதாகவும் பெட்டி இருக்க வேண்டும். அதே வேளை, நாளை வேறொருவர் வால்வை ஒளிரச் செய்ய விரும்பினால் அதற்கான வழியையும் நாம் அடைக்கக் கூடாது. ஆகவே ஒரு விதி வகுத்தோம்: புதிய துளை போடக் கூடாது, மரத்தை அறுக்கக் கூடாது, பழைய பாகம் எதையும் வெட்டக் கூடாது. நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு திருப்புளியால் மீட்கத்தக்கதாக இருக்க வேண்டும்.

இந்த விதி பண நோக்கிலும் சரியானதே. பழம்பொருள் ஒன்றின் மதிப்பு அதன் முழுமையைச் சார்ந்தது. உள்ளே வெட்டப்பட்ட பெட்டி, பின்னர் எவ்வளவு செலவிட்டாலும் முழுமை பெறாது.

முதல் தவறு

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தொடங்கினோம். பழைய சுழற்றி பொருந்தியிருந்த பலகையைத் திருகு கழற்றி எடுத்தால், கீழே 48 சென்டிமீட்டர் நீளமும் 38 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட குழிவு. அதற்குள் அடங்கும் புதிய டர்ன்டேபிள் ஒன்றை வாங்கி வந்தோம். கச்சிதமாக அமர்ந்தது. தோடித் தட்டை வைக்கப் போனபோதுதான் கவனித்தோம்: அதில் 33, 45 என இரண்டே வேகங்கள். 78 இல்லை.

இக்காலத்தில் விற்கப்படும் விலை குறைந்த டர்ன்டேபிள்கள் பலவும் இப்படித்தான். எங்கள் பழைய சுழற்றியிலோ நான்கு வேகங்கள் இருந்தன. அதன் கார்ட்ரிட்ஜில் ஒரு சிறு நெம்புகோலும் இருந்தது. அதைத் திருப்பினால் எல்.பி. தட்டுக்கான ஊசி மறைந்து, 78 தட்டுக்கான ஊசி கீழே வரும். வேகம் மட்டும் பொருந்தினால் போதாது என்பதை அந்த நெம்புகோல்தான் எங்களுக்குக் கற்பித்தது. 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கேற்ற ஊசிமுனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான். எல்.பி. தட்டுக்கான முனையோ 18 முதல் 25 மைக்ரான். மெல்லிய ஊசியை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து உரசும், இரைச்சலே மிகுதியாகக் கேட்கும், ஊசியும் தேயும். தடித்த ஊசியை எல்.பி. தட்டில் வைத்தால் தட்டே கெடும்.

வாங்கியதை 3,000 ரூபாய் நட்டத்தில் விற்றோம். மூன்று வேகங்கள் கொண்ட, முன்பு ஒருவர் பயன்படுத்திய டர்ன்டேபிள் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அதன் கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் உருவி மாற்றலாம். 78 தட்டுக்கென ஓர் ஊசியைத் தனியே வாங்கினோம்.

அரக்கின் கதை

தட்டுகளைச் சுத்தம் செய்யும்போது இன்னொரு தவறு நேர இருந்தது. எல்.பி. தட்டுகளுக்கான ஆல்கஹால் கலந்த திரவத்தை 78 தட்டில் தெளிக்கப் போனோம். பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். எல்.பி. தட்டு வினைல் பிளாஸ்டிக்கால் ஆனது. 78 தட்டின் முக்கியப் பொருளோ அரக்கு. மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஒரு துடைப்பில் பள்ளங்கள் மழுங்கிப் போயிருக்கும். சிறிது சோப்புக் கலந்த நீரில் மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து, நடுத் தாளில் ஈரம் படாமல் துடைத்து, நிழலில் உலர்த்தினோம்.

இந்திய மண்ணில் குரல்கள் அரக்குத் தட்டில் முதன்முதலாக ஏறியது 1902-இல், கல்கத்தாவில். அன்று பாடியவர்களுள் பெரும்புகழ் பெற்ற கௌஹர் ஜான், பிற்காலத்தில் மைசூரு அரண்மனைப் பாடகியாக வந்து, 1930-இல் மைசூருவிலேயே மறைந்தார். 1948-இல் அமெரிக்காவில் எல்.பி. தட்டு அறிமுகமான பின்னும், நம் நாட்டில் 1960கள் முழுவதும் 78 தட்டுகள் வெளிவந்துகொண்டே இருந்தன. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடங்களே கிடைக்கும். அந்த மூன்று நிமிடங்களுக்குள் ஒரு ராகத்தின் சாரத்தை வைக்கத் தெரிந்தவர்களின் தட்டுகளைத்தான் எங்கள் தாத்தா தேடித் தேடி வாங்கியிருந்தார்.

அதே அரக்கு பெட்டியின் உடம்பிலும் இருந்தது. பழைய மரச்சாமான்களுக்கு இடப்பட்ட பளபளப்புப் பூச்சு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான். வந்த தச்சர் உப்புத்தாளை எடுக்கவே இல்லை. வெனீர் ஒரு தாளின் தடிமனே உடையது. தேய்த்தால் அடிமரம் தெரிந்துவிடும் என்றார். அழுக்கை நீக்கி, கழன்ற ஓரங்களைப் பசையிட்டு அழுத்தி, துணிப் பொட்டலத்தால் அரக்குப் பாலிஷை மெல்லிய படலங்களாக ஏற்றினார். பூச்சாடி வைத்த இடத்தில் இருந்த வட்டக் கறை மட்டும் முற்றிலும் போகவில்லை. இருக்கட்டும் என்றார் அம்மா.

உள்ளே வைத்தவை

மற்ற பாகங்களுக்கு எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். மின்னணுப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற அந்தச் சாலையில் அரை நாள் நடந்தால் வேண்டியவை எல்லாம் கிடைத்துவிடும்.

முதலில் போனோ பிரீ-ஆம்ப் என்னும் சிறு கருவி. பழைய செராமிக் கார்ட்ரிட்ஜ் தரும் மின்குறிப்பில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு, சுமார் 5 மில்லிவோல்ட் மட்டுமே, புதிய காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தருகிறது. அதைப் பெருக்க வேண்டும். மேலும், எல்.பி. தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவு செய்கிறார்கள். 1954 முதல் இதற்குப் பொதுவான ஓர் அளவுகோல் உண்டு. அதைத் தலைகீழாக்கி இயல்பு ஒலியை மீட்பதும் இக்கருவியின் வேலை. இதை விட்டுவிட்டு நேரே ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் ஒலி கொசு ரீங்காரம் போல் மெலிந்து கேட்கும்.

அடுத்து 24 வோல்ட்டில் இயங்கும் டி-வகுப்பு ஆம்ப்ளிஃபயர். கையகலமே இருக்கும். வெப்பம் குறைவு என்பதால் மூடிய மரப்பெட்டிக்கு ஏற்றது. புளூடூத் வசதியும் அதிலேயே உண்டு. மரப்பெட்டி அலைகளைத் தடுப்பதில்லை. ஸ்பீக்கர்களுக்காக, பழைய பலகைகளின் அளவிலேயே புதிய பிளைவுட் பலகைகளைச் செய்து, பழைய திருகுத் துளைகளிலேயே பொருத்தினோம். முன்பக்கத் துணி அப்படியே இருக்கிறது. வானொலிச் சேசிஸை அதன் இடத்திலேயே விட்டோம். வால்வுகளை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி, எது எந்த இடத்துக்கு உரியது என்று எழுதி வைத்தோம். கண்ணாடி முகத்துக்குப் பின்னால் சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்று. நகரங்களின் பெயர்கள் மீண்டும் மஞ்சளாய் ஒளிர்ந்தன.

முதல்முறை இயக்கியபோது பெட்டி பாடவில்லை; ஊளையிட்டது. ஸ்பீக்கரின் அதிர்வு மரத்தின் வழியே ஊசியை எட்டி, ஊசி அதை மீண்டும் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப, ஒலி தன்னைத்தானே பெருக்கிக்கொண்டது. இதன் பொருட்டே பழைய சுழற்றி சுருள்வில்களின் மேல் அமர்ந்திருந்தது. அதை அலட்சியமாகக் கழற்றி வைத்தவர்கள் நாங்களே. டர்ன்டேபிளுக்கு அடியில் கனமான பலகையும், பலகைக்கு அடியில் பாதியாக வெட்டிய நான்கு ரப்பர்ப் பந்துகளும், ஸ்பீக்கர் பலகைகளின் ஓரத்தில் ரப்பர்ப் பட்டையும் வைத்த பின் ஊளை அடங்கியது.

செலவுக் கணக்கு

வாசகர்கள் எதிர்பார்க்கும் கணக்கு இதோ. டர்ன்டேபிள் 16,000 ரூபாய், 78 ஊசி 2,500, பிரீ-ஆம்ப் 2,200, ஆம்ப்ளிஃபயரும் மின்வழங்கியும் 4,300, இரண்டு ஸ்பீக்கர்கள் 4,800, பிளைவுட், கம்பி, ஃபியூஸ், ரப்பர் ஆகியவை 1,700, தச்சர் கூலியும் பாலிஷும் 7,500. ஆக 39,000 ரூபாய். எங்கள் அவசரத்தின் விலையான 3,000 ரூபாயையும் சேர்த்தால் 42,000.

இதை முதலீடு என்று சொல்ல மாட்டோம். விற்றால் இத்தொகை திரும்பி வரும் என்ற உறுதியும் இல்லை. எனவே இதற்காகக் கடன் வாங்கவில்லை. மாதந்தோறும் ஒதுக்கிய தொகையிலிருந்து ஒவ்வொரு பாகமாக வாங்கினோம். எட்டு மாதங்கள் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். அப்பா வாங்கிய முறையும் அதுவே.

நீங்களும் இம்முயற்சியில் இறங்க விரும்பினால் சில குறிப்புகள்:

• நெடுநாள் கிடந்த பெட்டியை மின்இணைப்பில் செருகாதீர்கள். அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரை முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

• எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய திருகுகளைப் பெயரிட்ட உறைகளில் இடுங்கள்.

• உங்களிடம் உள்ள தட்டுகள் எவ்வகை என்று பார்த்த பின்னரே டர்ன்டேபிள் வாங்குங்கள். குழிவின் நீளம், அகலம் மட்டுமன்றி, மூடி மூடும் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

• புதிய மின்வழங்கிக்கு ஃபியூஸும், உலோகப் பாகங்களுக்கு எர்த் இணைப்பும் கட்டாயம். பின்பக்க அட்டையில் உள்ள காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள்.

• கழற்றிய பாகங்களை விற்றுவிடாதீர்கள். பெட்டியோடு சேர்ந்துதான் அவற்றுக்கு மதிப்பு.

அம்மாவின் கை

புது அடுக்ககத்துக்குப் பெட்டி போய்ச் சேர்ந்த மறுநாள் மாலை, 78 ஊசியைப் பொருத்தி, தோடித் தட்டை வைத்தோம். முதலில் மழை பெய்வது போன்ற இரைச்சல். அதைக் கிழித்துக்கொண்டு நாதஸ்வரம் எழுந்தது. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து பெட்டியருகே வந்தார். "அவர் இவ்வளவு சத்தமா வைக்க மாட்டார்" என்று சொல்லி, கண்ணாடி முகத்துக்குக் கீழே இருந்த இடப்பக்கக் குமிழைத் திருகினார். ஒலி குறையவில்லை. மீண்டும் திருகினார். எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

ஒலியைக் குறைக்கும் புதிய விசையை மூடிக்கு உள்ளே, டர்ன்டேபிளின் ஓரத்தில் வைத்திருந்தோம். துளை போடாமல் வைத்தோமே என்று அதுவரை பெருமையாகத்தான் இருந்தது. பல ஆண்டுகள் அந்தக் குமிழையே தொட்டுப் பழகிய கை ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது என்பதை எட்டு மாதங்களில் மூவரில் ஒருவரும் நினைக்கவில்லை.

மறுவாரம் பெரியவர் மீண்டும் வந்தார். பழைய குமிழுக்குப் பின்னால் இருந்த கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றி உறையிலிட்டுப் பெயர் எழுதினார். அதே துளையில் புதியது ஒன்றைப் பொருத்தி ஆம்ப்ளிஃபயருடன் இணைத்தார். பழைய குமிழ் அதன் தண்டில் ஏறி அமர்ந்தது. செலவு 350 ரூபாய். எங்கள் கணக்கில் கடைசியாகச் சேர்ந்த தொகை அதுதான்.

இப்போது காலையில் கைப்பேசியிலிருந்து பேரப்பிள்ளைகளின் பாட்டு, மாலையில் எல்.பி. தட்டுகள், வெள்ளிக்கிழமை மட்டும் தாத்தாவின் தட்டுகளுள் ஒன்று. வால்வுகள் பரணில், துணிச் சுற்றலில் இருக்கின்றன. பெல் முத்திரையிட்ட இரண்டும் தனி உறையில். அவற்றை ஒருநாள் ஒளிர வைக்க யாரேனும் விரும்பினால், எந்தத் திருகு எங்கே என்று எழுதிய தாள் பெட்டியின் இழுப்பறையில், அப்பாவின் வானொலி உரிமப் புத்தகத்துக்குள் இருக்கிறது.